நாணயம் போட்டோ எடுக்க வாங்குன காப்பி ஸ்டாண்டும் ரெண்டு லைட்டும்: எட்டு மாசம் பொழங்குன பெறவு எழுதுதேன்

எனக்க பாட்டா சேத்து வச்சிருந்த காசுப் பெட்டி போன வருசம் எனக்க கைக்கு வந்துச்சு. தேக்குல செஞ்ச சின்னப் பெட்டி, உள்ள பழைய பஞ்சாங்கத் தாள்ல பொட்டலம் பொட்டலமா மடிச்சு முன்னூத்திச் சொச்சம் காசு. பாதிக்கு மேல திருவிதாங்கூர் காசு, மிச்சம் பிரிட்டிஷ் வெள்ளி ரூவா, ஓட்டைக் காலணா, நயா பைசா, தாமரை போட்ட இருபது பைசா. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததுல்லா, அதனால இங்க பழைய வீடுகள்ல தேடுனா இந்தக் காசு இன்னும் கெடைக்கும், இப்பவும் வயசானவங்க கைல பைசா இல்லங்கத "கைல சக்கரம் இல்ல"ன்னு தான் சொல்லுவாங்க, சக்கரங்கது ஒரு திருவிதாங்கூர்க் காசுக்க பேரு. அத்தைமாரு மூணு பேருக்கும் இதுல பங்கு உண்டு, காச பிரிச்சுக் குடுக்க மனசில்ல, சரி எல்லாத்தையும் நல்லா போட்டோ எடுத்து ஆளுக்கு ஒரு ஆல்பம் போட்டுக் குடுப்போம்னு தான் ஆரம்பிச்சேன்.

ஆரம்பமே அடி. பெட்டில ஒரு செம்புச் சக்கரம் உண்டு, ஒரு பக்கம் திருவிதாங்கூர ஆண்ட சித்திரைத் திருநாள் மகாராசா தலை, மறுபக்கம் சங்கு. கைல வச்சுப் பாத்தா நல்ல கருப்பட்டி நெறம், எழுத்தோரத்துல மட்டும் லேசா செவப்பு ஓடும். அத டியூப்லைட் வெளிச்சத்துல போன்ல எடுத்து, வெளியூர்ல காசு வியாபாரம் பண்ணுற ஒருத்தருக்கு அனுப்புனேன், விக்கதுக்கு இல்ல, நிலைமை எப்படி இருக்குன்னு கேக்க. அஞ்சு நிமிசத்துல பதில் வந்துச்சு, "புளி போட்டுத் தேச்ச காசு சார், மதிப்பு போச்சு"ன்னு. போட்டோவ திரும்பப் பாத்தேன், அவரக் குத்தம் சொல்ல முடியாது, கோயில் குத்துவெளக்கு மாதிரி மஞ்சளா மினுங்கிட்டுக் கெடக்கு காசு. பாட்டா ஒரு காசக் கூட தேச்சவரு கிடையாது, பிள்ளைங்க தொட்டாலே "ஓரத்தப் பிடிலே"ன்னு சத்தம் போடுவாரு. எனக்க படம் அவரப் பொய்யனாக்கின மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரி சரியா ஒறங்கல.

அப்புறம் எல்லாரும் பண்ணுற மாதிரி மடக்குற லைட் பாக்ஸ் ஒண்ணு வாங்குனேன், 1,350 ரூவா. வெள்ளைத் துணிக் கூடாரம், மேல எல்.இ.டி பட்டை, முன்னால கேமராவுக்கு ஓட்டை. தங்கச்சி தையல்கடை வச்சிருக்கா, அவ பிளவுஸ் போட்டோ, கம்மல் போட்டோ எல்லாம் இப்ப அதுல தான் எடுக்குறா, அருமையா வருது, அதுக்கெல்லாம் கொள்ளாம். காசுக்கு ஆகாது. நாலு பக்கமும் வெளிச்சம் பரவி வந்தா நெழலே விழாது, நெழல் விழலன்னா காசுல உள்ள மேடு பள்ளம் தெரியாது, சங்குக்க வரி எல்லாம் மழுங்கி நல்ல காச தேஞ்ச காசா காட்டிரும். இன்னொண்ணும் உண்டு. பொழங்காத காச பைய சாய்ச்சுப் பாத்தா வெளிச்சம் வண்டிச் சக்கரத்துக்க ஆரக்கால் மாதிரி சுத்தி ஓடும் பாத்திருப்பீங்க, அச்சு விழும்போ உலோகம் நடுவுல இருந்து விளிம்பப் பாத்து ஓடுன தடம் தான் அந்த மினுக்கம், காசுக்க உயிரே அதுதான். துணிக்குள்ள அலசி வர்ற வெளிச்சத்துல அது சுத்தமா செத்துரும். ஸ்கேனர்ல வச்சு எடுத்தாலும் இதே கத தான், காசு சாம்பல் பூத்த மாதிரி கெடக்கும். பழைய லைட் பாக்ஸ் வச்சிருக்கவங்க துணிய எல்லாம் கழட்டிட்டு வேற லைட் வச்சுப் பாருங்க, புதுசா இதுக்குன்னு வாங்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வாறேன். நான் ரெண்டாவது வாங்குனது காப்பி ஸ்டாண்ட். பழைய ஸ்டுடியோக்கள்ல கிழிஞ்ச கல்யாணப் போட்டோவ மறுபடி எடுக்கதுக்கு வச்சிருப்பாங்களே அதே சாமான் தான், ஒரு பலகை, நட்டுக்க நிக்கிற ஒரு இரும்புத் தூண், அதுல ஏத்தி எறக்குற ஒரு கை, கை நுனில கேமராவ கீழ பாத்து மாட்டணும். கூட ரெண்டு எல்.இ.டி லைட், பாம்பு மாதிரி எப்படி வேணாலும் வளையுற கழுத்து. மொத்தம் 4,600 ரூவா ஆச்சு. இதே சாமான பத்து பேருல விக்குறாங்க, பேரப் பாத்து வாங்காதீங்க, கீழ நான் சொல்லுற நாலஞ்சு விஷயம் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

வந்த அன்னைக்கே எடுத்துப் பாத்தேன், சரியா வரல. வடசேரில முன்னால ஸ்டுடியோ நடத்துன ஒரு அண்ணாச்சி நம்ம தெருவுல தான் இருக்காரு, பிலிம் காலத்துல கைய வச்சே வெளிச்சம் அளந்தவரு. கூப்பிட்டேன், சாயங்காலம் வந்தாரு, வந்து ஒரு நிமிசம் ஒண்ணும் பேசாம நின்னு பாத்தாரு.

"மக்கா, லைட்ட எங்கன வச்சிருக்க?"

"ரெண்டு பக்கமும் அண்ணாச்சி, சரியா 45 டிகிரி."

"அது போட்டோவ காப்பி எடுக்கதுக்குள்ள கணக்குடே. போட்டோ தட்டையா கெடக்கும். காசு அப்படியா? ராசாவுக்க மூக்கு எந்திரிச்சு நிக்குல்லா. லைட்ட மேல தூக்கு, இன்னும் தூக்கு, லென்சுக்க பக்கத்துல கொண்டு வா."

தூக்குனேன். அவரே கழுத்த வளைச்சு, காச ஒரு கடிகாரம்னு நெனச்சுக்கோன்னு சொல்லி, ஒரு லைட்ட பத்து மணிக்கும் இன்னொண்ண ரெண்டு மணிக்கும் நேரா வச்சாரு. திரைல பாத்துட்டே இருக்கேன், ஒரு எடம் வந்ததும் செம்புச் சக்கரத்துல ராசா முகம் பட்டுன்னு எழும்பி வந்துச்சு, கன்னம், காது, கழுத்து எல்லாம் தனித்தனியா. இன்னும் கொஞ்சம் சாய்ச்சாரு, திரும்பவும் தட்டையாயிருச்சு. அந்த ரெண்டு விரக்கடை தூரத்துல தான் எல்லாமே இருக்கு. பொழங்காத புதுக் காசுக்கு லைட் ஒசந்து லென்ச ஒட்டி நிக்கணும், தேஞ்ச காசுக்கு கொஞ்சம் எறக்கி சாய்வா விடணும், அப்ப தான் மிச்சம் இருக்குற மேடாவது நெழல் போட்டுத் தெரியும். வெளிச்சம் எப்பவும் காசுக்க தலைமாட்டுல இருந்து தான் வரணும். கால்மாட்டுல இருந்து வந்தா நம்ம கண்ணு ஏமாந்துரும், வெயில் மேல இருந்து வந்தே பழகுன கண்ணுல்லா, எழும்பி நிக்கிற முகம் குழிஞ்சு போன மாதிரி தெரியும். பரப்புற துணி, பெரிய சாப்ட்பாக்ஸ் ஒண்ணும் மாட்டாதீங்க, சின்ன லைட் நேரா விழுந்தா தான் அந்த ஆரக்கால் மினுக்கம் வரும். ரொம்ப உறுத்துனா பொரோட்டாக்கடை எண்ணெய்த்தாள் மாதிரி ஒரு டிரேசிங் பேப்பர் ஒத்தை மடிப்பு போதும்.

அண்ணாச்சி சொல்லிக் குடுத்த இன்னொரு வித்தை, இத எல்லாரும் பண்ணணும். கேமரா பலகைக்கு நேரா பாக்குதான்னு தெரிய மட்டம் வச்சுப் பாத்துட்டு இருந்தேன், அவரு எந்திரிச்சுப் போயி செவுத்துல மாட்டியிருந்த பவுடர் பூசுற சின்னக் கண்ணாடிய எடுத்துட்டு வந்து காசு வைக்கிற எடத்துல வச்சாரு. "இப்ப கேமராவுல பாரு மக்கா, லென்சுக்க நடுக்கண்ணு படத்துக்க நடுவுல தெரியணும், தெரியலன்னா ஒனக்க கேமரா சரிஞ்சிருக்கு." அவ்வளவு தான். லென்ஸ் தன்னையே பாக்குற மாதிரி வந்துட்டா நேரா இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா காசுக்க ஒரு ஓரம் தெளிவாவும் மறு ஓரம் மங்கலாவும் வரும், வட்டம் கூட முட்டையாயிரும். இப்ப ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கதுக்கு முன்ன கண்ணாடி வச்சுப் பாக்காம நான் எடுக்கது கிடையாது.

நெறம் தான் எனக்குப் பெரிய சண்டையா இருந்துச்சு, அதையும் இந்த லைட் தான் தீத்து வச்சுது, அதனால கொஞ்சம் விரிவா சொல்லுதேன். லைட் வாங்கும்போ பெட்டில சி.ஆர்.ஐ எவ்வளவுன்னு பாருங்க, அந்த வெளிச்சம் நெறத்த எவ்வளவு உண்மையா காட்டும்ங்கதுக்கு நூத்துக்குப் போடுற மார்க்கு அது. நம்ம வீட்டு எல்.இ.டி பல்புக்கு பெரும்பாலும் 80 கிட்ட இருக்கும், இந்த லைட்டுக்கு 95ன்னு போட்டிருக்கு. வெள்ளை எல்.இ.டிங்கது உள்ள நீலம், அது மேல பூசுன மஞ்சள் பூச்சு, ரெண்டும் சேந்து வெள்ளையா தெரியுது, அதுல அடர்ந்த செவப்பு கம்மியா தான் இருக்கும். செம்புக்கு உயிரே செவப்புல தான். வர்ற வெளிச்சத்துலயே செவப்பு இல்லன்னா செம்பு எதத் திருப்பி விடும், மஞ்சளாவோ மண்ணு நெறமாவோ தான் தெரியும். இதுல ஒரு நுணுக்கம், சி.ஆர்.ஐ நம்பர் எட்டு வெளிர் நெறத்த வச்சு சராசரி போடுறது, அடர்செவப்பு அந்தக் கணக்குலயே வராது, அதுக்கு ஆர்9ன்னு தனி நம்பர் உண்டு. செம்புக் காசு நெறைய வச்சிருக்கவங்க ஆர்9 எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க, அத மறைக்கிற லைட்ட வாங்காதீங்க. இந்தப் பெட்டில 90க்கு மேலன்னு போட்டிருந்துச்சு, படத்துல பாத்தா நம்பலாம்னு தான் தோணுது.

அடுத்தது கேமராவுக்கு வெள்ளை எதுன்னு காட்டிக் குடுக்கணும். ஆட்டோல விட்டா படம் பூரா செம்பு நெறமா இருக்குறதப் பாத்து, ஓ வெளிச்சம் தான் செவப்பு போலன்னு நெனச்சு அத வெட்டி விட்டுரும், செம்பு செத்த நெறமாயிரும். அதனால சாம்பல் அட்டை ஒண்ணு 250 ரூவாக்கு வாங்கி வச்சிருக்கேன், காசு வைக்கிற எடத்துல அத வச்சு ஒரு படம் எடுத்து அத வச்சு வெள்ளைய சரி பண்ணிட்டு தான் காச எடுக்குதேன், லைட்ட நகத்துனா மறுபடி அட்டை. ஏ4 தாள வச்சு பண்ணலாமேன்னு சிலரு சொல்லுவாங்க, பண்ணாதீங்க, தாள் பளிச்சுன்னு தெரிய அதுல ஒரு பொருள் சேப்பாங்க, சன்னல் வெளிச்சம் பட்டா நீலமா காட்டும், கணக்கு தப்பிரும். சன்னல் வெளிச்சத்தையும் லைட்டையும் கலக்கவே கூடாது, ரெண்டுக்கும் ரெண்டு நெறம், காசுக்க ஒரு கன்னம் நீலம் மறு கன்னம் மஞ்சள்னு வந்து நிக்கும், அத எந்த ஆப்பும் திருத்தித் தராது. நான் கதவு சன்னல் எல்லாம் அடைச்சு, ரூம் லைட்டையும் அணைச்சிட்டு, ராத்திரி ஏழு மணிக்கு மேல தான் எடுக்குதேன். லைட்டுல மூணு நெறம் மாத்துற பட்டன் இருக்கு, 5,500 கெல்வின்ல (வெளிச்சத்துக்க நெறத்த அளக்குற கணக்கு) வச்சவன் அப்புறம் தொடவே இல்ல.

நெறம் சரியா வரணும்ங்கது அழகுக்காக மட்டும் இல்ல, அதுக்கு எனக்க பெட்டில இருந்தே ஒரு சாட்சி. ஒரு நயா பைசா, 1957ல வெண்கலத்துல ஆரம்பிச்சது, 1962ல நிக்கல் பித்தளைக்கு மாத்துனாங்க. அதனால 1962ன்னு போட்ட நயா பைசா ரெண்டு உலோகத்துலயும் உண்டு. ஒரே அளவு, ஒரே எழுத்து, ஒரே அசோகத் தூண். நெறம் ஒண்ண வச்சு தான் சட்டுன்னு பிரிக்க முடியும், ஒண்ணு செவப்பு கலந்த தவிட்டு நெறம், இன்னொண்ணு பித்தளை மஞ்சள். பாட்டா ரெண்டையும் ஒரே பொட்டலத்துல தனித்தனியா நூல் கட்டி வச்சிருந்தாரு, எதுக்குன்னு எனக்கு அப்ப வெளங்கல. லைட் பாக்ஸ்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்த படம் இப்பவும் இருக்கு, ரெண்டும் ஒரே மஞ்சள், நானே எது எதுன்னு மாத்திச் சொல்லிருவேன். இந்த லைட்டுல அதே ரெண்டையும் எடுத்தா யாரு பாத்தாலும் சொல்லிருவாங்க, எனக்க ஏழு வயசு மக "அப்பா இது வேற அது வேற"ன்னுட்டா. லைட் வாங்குனா மொதல்ல இந்தச் சோதனைய பண்ணுங்க. 1962 ரெண்டும் இல்லாதவங்க ஒரு வெண்கல நயா பைசாவையும் தாமரை இருபது பைசாவையும் பக்கத்துல வச்சு எடுங்க, லட்சுமி பூஜைக்குன்னு அந்த இருபது பைசா நெறைய வீட்டுல இருக்கும்.

வெள்ளி வேற மாதிரி படுத்தும். வெள்ளிக்குன்னு தனி நெறம் இல்ல, அது முகம் பாக்குற கண்ணாடி, சுத்தி என்ன இருக்கோ அத வாங்கிக் காட்டும். திருவிதாங்கூர் அரை ரூவா ஒண்ணு, காசுல 1121ன்னு போட்டிருக்கும், அது கொல்லம் ஆண்டு, மலையாள வருசக் கணக்கு, 825 கூட்டுனா 1946. அத எத்தனை தடவ எடுத்தாலும் லேசா ஒரு பச்சை. சாம்பல் அட்டை வச்சாச்சு, லைட் சரி, ஆனாலும் பச்சை, ரெண்டு நாளு மண்டையப் போட்டு ஒடச்சேன். கடைசில பாத்தா எனக்க ரூம் சுவரு பச்சை பெயிண்ட், லைட் சுவருல பட்டு காசுல விழுது. கருப்பு சார்ட் அட்டை 15 ரூவாக்கு ரெண்டு வாங்கி மூணு பக்கமும் மறைச்சு நிறுத்துனேன், அப்ப தான் வெள்ளி வெள்ளியாச்சு. வெள்ளி எடுக்கும்போ போட்டிருக்குற சட்டை கூட கருப்போ சாம்பலோ இருக்கணும், செவப்புச் சட்டை போட்டு குனிஞ்சா காசுல ஒரு ரோஸ் ஓரம் வந்துரும்.

பலகை விஷயத்துல இந்த கம்பெனிக்காரன் சறுக்கிட்டான். பளபளப்பான வெள்ளை மைக்கா ஒட்டின பலகை, வெளிச்சம் அதுல பட்டு லென்சுக்குள்ள ஏறி படம் வெளிறிப் போகுது. அதுக்கு மேல சாம்பல் கேன்வாஸ் துணி விரிச்சிட்டேன். கருப்பு வெல்வெட் அழகா இருக்கும்னு நெனச்சு வச்சேன், ஒரு பிசிறு தூசி கூட நட்சத்திரம் மாதிரி தெரியுது, கருத்த வெள்ளிக் காசுக்க விளிம்பும் அதுல கரைஞ்சு போகுது, அதனால சாம்பல் தான் எல்லாத்துக்கும் பொது. இத நல்லா தெரிஞ்சுக்கிடணும்னா 1943ல இருந்து அடிச்ச அந்த ஓட்டைக் காலணாவ எடுத்துப் பாருங்க, நடு ஓட்டை வழியா பின்னணி தான் மொதல்ல கண்ணுல படும், அதுல வெள்ளை தெரிஞ்சா காசே தெரியாது. காச நேரா துணி மேல வைக்காம ஒரு சின்ன பாட்டில் மூடிய கவுத்தி அதுக்கு மேல வச்சா நெழலும் கீழ விழுந்துரும், துணிக்க நெசவும் மங்கிப் போயிரும், காசு காத்துல நிக்கிற மாதிரி வரும். ஓட்டைக் காலணாவுக்கு மட்டும் மூடிக்குப் பதிலா நடுவுல ஓட்டை உள்ள வாஷர்.

இன்னும் ரெண்டு குறை உண்டு. கைய இறுக்குற திருகு கனத்தத் தாங்கல, போன் மாட்டுனா நிக்கும், கேமராவும் லென்சும் சேத்து மாட்டுனா பத்து நிமிசத்துல ரெண்டு மில்லிமீட்டர் பைய எறங்கிரும், மேக்ரோல, அதாவது ரொம்ப கிட்டத்துல வச்சு எடுக்கும்போ, ரெண்டு மில்லிமீட்டர்ங்கது போகஸ் பூரா போறதுக்குச் சமம். கோட்டாறுல ஒரு இரும்புக் கடைல அதே அளவுல கனமான போல்ட்டும் சிறகு நட்டும் 40 ரூவாக்கு வாங்கி மாத்துன பெறவு அசையல. ரெண்டாவது, லைட்டுக்க வெளிச்சத்தக் கொறைக்கிற பட்டன். அது வெளிச்சத்தக் கொறைக்கல, வேகமா அணைச்சு அணைச்சு எரிய விடுது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுல வேகமா எடுத்தா படத்துல வரி வரியா கருப்புப் பட்டை வரும். முழு வெளிச்சத்துல வச்சு லைட்ட தூரமா நகத்துங்க, இல்லன்னா ஷட்டர ஐம்பதுல ஒரு செகண்டுக்கோ அதுக்கும் மெதுவாவோ கொண்டு போங்க, சரியாயிரும். 4,600 ரூவா வாங்கிட்டு இந்த ரெண்டையும் கவனிக்காம விட்டது எனக்கு வருத்தம் தான், ஸ்டாரக் கொறைச்சிருக்கேன்.

போன் போதுமான்னு கேப்பீங்க. மொத நாலு மாசம் போன்ல தான் எடுத்தேன், ரூவா அளவு காசுக்கு தாராளமா போதும், ஆனா மேக்ரோ மோட் போடாதீங்க, அதுல போனை காசுக்கு மூணு விரக்கடைக்கு கொண்டு போகணும், போனே லைட்ட மறைச்சிரும். 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் லென்ஸ் இருந்தா அதப் போட்டு ஒரு சாண் ஒசரத்துல இருந்து எடுங்க, புரோ மோட்ல கெல்வின நீங்களே வைங்க, அழகுபடுத்துற சமாச்சாரம் எல்லாத்தையும் அணைங்க, இல்லன்னா எழுத்தச் சுத்தி வெள்ளைக் கோடு போட்டுத் தரும். ரெண்டு செகண்ட் டைமர் கண்டிப்பா வேணும், மின்விசிறியும் ஓடக் கூடாது. நம்ம பக்கம் ஆடி மாசக் காத்து இருக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அடிக்கிறது, சன்னல் அடைக்காம எடுத்தா ஸ்டாண்டே நடுங்குது.

போன் கை விட்டது வெள்ளிச் சக்கரத்துல. பாக்காதவங்களுக்குச் சொல்லுதேன், அது ஒரு மிளகு அளவு தான் இருக்கும், அரை கிராம் கூட எடை வராது, 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூவா, ஆக ரூவாக்கு 28 சக்கரம். கைல எண்ண முடியாதுன்னு குழி குழியா போட்ட மரப் பலகை வச்சு தான் எண்ணுவாங்களாம், ஒரு பிடி அள்ளிப் போட்டு ஆட்டுனா குழிக்கு ஒண்ணா விழும், நெறஞ்சா இத்தனைன்னு கணக்கு. அந்தக் காச எடுக்க பழைய டி.எஸ்.எல்.ஆர் ஒண்ணும் செகண்ட் ஹேண்ட்ல 100 எம்.எம். மேக்ரோ லென்சும் வாங்குனேன். ஒரு ரூவா வெள்ளி 30 மில்லிமீட்டர், அதுக்க உருவம் கேமரா சென்சார்ல பாதி அளவுல விழுந்தாலே படம் நெறஞ்சிரும், சக்கரத்துக்கு லென்ஸ முழுசா ஒண்ணுக்கு ஒண்ணு (காசு அளவுக்கே உருவம் விழுற மாதிரி) கொண்டு போனாலும் படத்துல மூணுல ஒரு பங்கு தான் வரும். லென்ஸ் தொறக்குற அளவ எஃப் 8ல வைங்க, அதுக்கு மேல 16, 22ன்னு ஏத்தாதீங்க, இவ்வளவு கிட்டத்துல ஏத்துனா ஆழம் கூடுனாலும் படம் பூராவும் மெழுகு மாதிரி ஆயிரும். இந்தச் சின்னக் காசு ரெண்டு லைட்டுக்கும் மசியல, ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் இருட்டும்.

அதுக்கும் கண்ணாடி தான் வழி, இந்தத் தடவ சாதாக் கண்ணாடி. போட்டோ பிரேம்ல இருந்து மெல்லிசா ஒரு கண்ணாடியக் கழட்டி, காசுக்கும் லென்சுக்கும் நடுவுல 45 டிகிரி சாய்ச்சு நிறுத்தணும், ஒரு லைட்ட பக்கவாட்டுல இருந்து கண்ணாடியப் பாத்து அடிக்கணும், காசு மேல நேரா அடிக்கக் கூடாது, லைட்டுக்கும் காசுக்கும் நடுவுல ஒரு அட்டை மறைப்பு. கண்ணாடில பட்ட வெளிச்சம் நேரா கீழ காசுல விழுந்து, திரும்ப நேரா மேல லென்சுக்குப் போகும், காசுக்க தட்டைப் பரப்பு பூரா ஒரே வெள்ளையா ஒளிரும், மேட்டுக்க சரிவு மட்டும் கருப்புக் கோடா வரும், பேனால வரைஞ்ச மாதிரி. தேஞ்சு போயி ஒண்ணுமே தெரியாத காசுல கூட சங்கு தெரியும். கண்ணாடி பத்துல ஒரு பங்கு வெளிச்சத்த தான் திருப்பும், அதனால ஷட்டர் நல்லா மெதுவா வேணும். ஒன்னேகால் செகண்ட்ல எடுத்தேன், அதுக்கு அந்த 40 ரூவா போல்ட் தான் காப்பாத்துச்சு. கண்ணாடில தூசி இருந்தா கண்ணாடி துடைக்கிற துணியால தொடைங்க, காச தொடைக்காதீங்க.

இந்தக் காச தொடைக்கிற விஷயத்த மன்றாடிக் கேட்டுக்கிடுதேன். போட்டோ நல்லா வரணும்னு புளி, விபூதி, பித்தளைப் பவுடர், எலுமிச்சை எதையும் போடாதீங்க. குத்துவெளக்குக்கு அது சரி, தேச்சா வெளக்கு நமக்குத் திரும்பக் கெடைக்கும். காசுல தேச்சா அந்த மேல்தோல் போனது போனது தான், நூறு வருசம் ஆனாலும் அதே நெறம் திரும்ப வராது. நம்ம ஊரு உப்புக் காத்து செம்புக்குப் பெரிய பகை, குளச்சல் பக்கம் அத்தை வீட்டுல இருந்து வந்த ஆறு காசுல இளம்பச்சைப் பொடி பூத்திருந்துச்சு. உப்பும் ஈரமும் சேந்தா வர்ற களிம்பு அது, விட்டா காச அரிச்சிட்டே போகும். அத போட்டோல சரியான நெறத்துல எடுத்து வச்சா அடுத்த வருசம் கூடியிருக்கா அப்படியே இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கலாம், நான் இந்த ஸ்டாண்டுக்குக் குடுத்த ரூவாக்கு பெரிய பலன் அது தான்னு நெனைக்குதேன். எடுத்து முடிச்ச காச பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, பி.வி.சி கவர் நாள்பட வேர்த்து பச்சைப் பிசினா ஒட்டும். சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலம் போட்டு பெட்டிய மூடுங்க.

கடைசியா அந்தச் செம்புச் சக்கரம். எல்லாம் சரியானதும் மொத வேலையா அத தான் எடுத்தேன், கைல காச வச்சுக்கிட்டு திரைய பக்கத்துல பாத்தேன், அதே கருப்பட்டி நெறம், அதே செவப்பு ஓரம், மகாராசாவுக்க காதுக்குப் பின்னால பாட்டா காட்டித் தர்ற ஒரு சின்னக் கீறல் கூட இருக்கு. அதே வியாபாரிக்கு அனுப்புனேன், பழைய படமும் இதுவும் ஒரே காசுன்னு எழுதல. "இது தொடாத காசு சார், தேய்க்காம அப்படியே வச்சுக்கிடுங்க"ன்னு பதில் வந்துச்சு.

அஞ்சுல நாலு ஸ்டார் குடுக்குதேன், பளபளா பலகைக்கும் திருகுக்கும் லைட் பட்டனுக்கும் சேத்து ஒண்ணு கொறைச்சிருக்கேன். அம்பது காசுக்குக் கீழ வச்சிருக்கவங்க ஸ்டாண்ட் வாங்க வேண்டாம், நல்ல சி.ஆர்.ஐ உள்ள லைட் ரெண்டும் சாம்பல் அட்டையும் மட்டும் வாங்கிட்டு போனை ரெண்டு அடுக்கு புத்தகத்துக்கு நடுவுல வச்சு எடுங்க, அதே நெறம் கெடைக்கும். எனக்கு இன்னும் நூத்திப் பத்து காசு பாக்கி இருக்கு, அதுல எழுபது வெள்ளிச் சக்கரம், ஒரு ராத்திரிக்கு நாலு தான் முடியுது, பெரிய அத்தைக்க ஆல்பம் தைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்.